வெள்ளிக் கை

அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் பின்னால். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தையும் தாண்டி, அவள் நிற்காமல் நடந்தாள். பஸ்ஸில் போகலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மதிய வெயிலில் இளகிக் கிடந்த தார் ரோட்டில் வெறுங்காலோடு போனாள். வழக்கமாக விட்டுவிட்டுப் போகிறவன் நான், பின்னாலிருந்து கூப்பிடுகிறவள் அவள். அன்றைக்கு மாறிப்போயிருந்தது.

உள்ளே டாக்டரம்மா சொன்னது இதுதான். மார்பில் இருப்பது புற்று. மறுநாள் காலையில் வந்து சேர்ந்துவிட வேண்டும். அந்த மார்பை எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போடக் கூடாது. அக்கா கேட்டுக்கொண்டாள். ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். எழுந்தாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்திருக்கிறேன், திருவொற்றியூரில் இரும்பு வார்க்கும் பட்டறையில் மண் அள்ளியிருக்கிறேன், துறைமுகத்தில் மூட்டை சுமந்திருக்கிறேன், நெல்லூர் லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன். எதிலும் தங்கவில்லை. யாரும் விரட்டியது கிடையாது. ஒருநாள் காலையில் எழுந்தால் கால் வேறு பக்கம் போகும், அவ்வளவுதான். கையில் ஒன்றும் இல்லாதபோது ராயபுரத்தில் அக்கா வீட்டுக்கு வருவேன். அவள் சோறு போடுவாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்க மாட்டாள்.

மச்சான் படகோடு போனவர், திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரு மகள். அக்கா காசிமேட்டுக் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். அந்த முறை நான் வந்தபோது கூடையை அவளால் தூக்க முடியவில்லை. இடது கை தோளிலிருந்து கனத்துக் கிடந்தது. "கை வலிடா, ஒண்ணியும் இல்ல" என்றாள். மார்க்கெட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பருத்த அம்மாள் ஒருத்தி, எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் அனுப்பியிருந்தாள். அவர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் தோள் வரைக்கும் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருந்தார். பிறகு அவிழ்த்துக் கட்டினார். மறுபடியும் கட்டினார். கை வீங்கியதே தவிர இறங்கவில்லை.

ஆகையால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கை வலி என்றால் எலும்பு பார்க்கிற வரிசைதானே. காலையிலிருந்து அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கால் உடைந்தவர்கள், மாவுக்கட்டுக்காரர்கள், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர். எங்கள் முறை வந்தபோது அந்த டாக்டர் கையை மெல்லத் தூக்கினார். அக்குளில் விரலை வைத்தார். அங்கேயே நிறுத்தினார். "எத்தனை நாளாம்மா இது?" என்றார். அக்கா தரையைப் பார்த்தாள். அவர் வேறொன்றும் கேட்காமல், பெண்கள் கட்டடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அங்கே டாக்டரம்மா திரைக்குப் பின்னால் அவளைப் பார்த்தார். பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

"எப்பக் கண்டுபிடிச்சே?"

"போன வருசம் மாதா திருவிழா சமயத்துல. குளிக்கிறப்போ. புளியங்கொட்டை மாதிரி இருந்துச்சி."

"வலிச்சுதா?"

"இல்லம்மா. கொஞ்சங்கூட வலிக்கல. சுருக்குப்பைய அந்தப் பக்கந்தான் சொருகுவேன். அது அழுத்தி அழுத்திக் கன்னிப்பூட்டுதுன்னு நெனச்சேன். வேற பக்கம் மாத்தி வெச்சிக்கினேன்."

குழாயில் டாக்டரம்மா கை கழுவுகிற சத்தம் கேட்டது. "வலிச்சிருந்தா ஓடி வந்திருப்பே" என்றார் பிறகு. "வலிக்காத கட்டியைத்தான் முதல்ல காட்டணும். காம்பு உள்ளே போறது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா ஆகுறது, அக்குள்ல நெறி கட்டுறது, எல்லாம் உனக்கு வந்திருக்கு. எல்லாக் கட்டியும் புத்து கிடையாது. நெறையப் பேருக்கு ஒண்ணுமில்லன்னு அனுப்பியிருக்கேன். ஆனா அத நீயா முடிவு பண்ணக் கூடாது. உன் கை வலிச்சதே, அது கையோட நோய் இல்ல. இது அக்குள் வரைக்கும் வந்ததால வலிச்சது."

அந்த நாளில் கட்டியைக் கண்டுபிடிக்க மனிதர்களின் விரல்தான். முதலில் அவளுடைய விரல், பிறகு டாக்டருடைய விரல். விரல் உணர்வதற்கு முன்னாலேயே காட்டுகிற எதுவும் எங்களைப் போன்றவர்கள் போகிற இடத்தில் இல்லை.

இன்றைக்கு இருக்கிறது. அக்காவின் மகள் மேமோகிராம் என்கிற அந்த எக்ஸ்ரே படம் எடுக்கப் போகும்போது நான்தான் துணைக்குப் போய் வெளியே உட்கார்ந்திருப்பேன். அவளுக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், இருந்தாலும் நான் போவேன். அன்றைக்கு அவள் பவுடர் போடாமல் வருவாள். பவுடர் துகள் படத்தில் புள்ளியாக விழுந்து குழப்புமாம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை அழுத்திப் படம் பிடிப்பார்கள். "கொஞ்சம் வலிக்கும் மாமா, மூச்சுப் பிடிச்சு விடுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பாள். விரலுக்குத் தட்டுப்படாத சின்னதுகூட அதில் தெரியும். இப்போது மார்பை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் கருவியும் வந்திருக்கிறது என்கிறாள். இளவயதுக்காரிகளுக்கு மார்பு கெட்டியாக இருப்பதால் படத்தில் சரியாகத் தெரியாமல் போகலாம், அவர்களுக்கு ஸ்கேனும் பார்க்கிறார்கள். படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் கைக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்று அங்கே இருக்கும் நர்ஸ் அவளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அம்மாவுக்கு இருந்தது என்பதால் மற்றவர்களைவிட முன்னதாகவே அவளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "வீட்டில யாருக்காவது இருந்ததா?" என்று மேசையில் இருப்பவர் கேட்பார். "எங்கம்மாவுக்கு. மார்புல" என்று வெளியே உட்கார்ந்திருக்கும் எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வாள்.

அவள் அம்மாவால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. நடந்தது அதுதான்.

யானைக்கவுனிப் பாலத்தின் மேல் ஏறியதும் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே சரக்கு வண்டி ஒன்று புகை விட்டுக்கொண்டு நின்றிருந்தது.

"யக்கா, எங்க போற?"

"வூட்டுக்கு."

"நாளைக்கு வரணும்னு சொல்லுச்சே அந்தம்மா."

"அது சொல்லும். அதும் பாட்டுக்கு அதுக்குச் சம்பளம் வருது. நாளைக்கு நான் கரைக்குப் போவலன்னா யாரு போவா? நீயா?"

"ரெண்டு வாரம் போவலன்னா இன்னா ஆயிடும்?"

"உனுக்கு இன்னா தெரியும்? ஊர் மேயறவன். மார்க்கெட்ல எடம் காலியா கெடந்தா, பக்கத்துல கீறவ பலகைய இழுத்துப் போட்டுக்குவா. அது அவ தப்பு இல்ல. அதான் வழக்கம். புள்ள பெத்துக்கப் போறவகூட அம்மாவையோ நாத்தனாரையோ குந்த வெச்சிட்டுத்தான் போவா. எனுக்கு யாரு கீறா?"

அது உண்மைதான். வரிசையில் ஒரு இடம் என்பது சொந்த வீடு மாதிரி. சொந்தக்காரர் ஒருவர் பலகையில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் அதை யாரும் தொட மாட்டார்கள். எழுந்தால் போயிற்று.

கீழே சரக்கு வண்டி நகர்ந்து போனது. பிறகு, "நான் மாதாகிட்டப் பொய் சொல்லிட்டேன்டா" என்றாள்.

"இன்னா பொய்?"

"வெள்ளிக் கை வாங்கிப் போட்டேன்."

எங்கள் கோயில் வாசலில் மெழுகுவத்திக் கடை ஒன்று இருந்தது. அங்கே வெள்ளித் தகட்டில் அடித்த கண், கால், கை, குழந்தை, வீடு, படகு எல்லாம் அட்டையில் குத்தித் தொங்கும். உடம்பில் எங்கே நோயோ, அந்த உருவத்தை வாங்கி மாதாவின் காலடியில் வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டி கையில் தட்டுப்பட்ட சில நாட்களிலேயே அக்கா அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். அட்டையில் எல்லாம் இருந்தது. அவளுக்கு வேண்டியது இல்லை. கடைக்காரர் ஆம்பளை. பக்கத்தில் நாலு பேர் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாயத் தொறக்க முடியல. அந்தாளு 'இன்னாம்மா வேணும், இன்னாம்மா வேணும்'னு கேட்டுக்கினே கீறாரு. கைய நீட்டினேன். நீட்டின எடத்துல அட்டைல வெள்ளிக் கை தொங்கினு இருந்துச்சா, அத்த எடுத்துக் குடுத்துட்டாரு. எதுக்குக் கைன்னு வூட்டுக்கு வர்றப்போ பக்கத்துக் கடைக்காரி கேட்டா. கை வலின்னு சொன்னேன். அப்பாலிக்கு எல்லாருக்கும் அதேதான் சொன்னேன். கட்டுப் போடுறவருக்கும் அதேதான். உனுக்கும் அதேதான். சொல்லிச் சொல்லி எனுக்கே கை வலிதான்னு ஆயிப்போச்சி."

புளியங்கொட்டையாக இருந்தபோது சொல்லப்படாத ஒரு வார்த்தைக்காக, நோயே இல்லாத கைக்கு அத்தனை மாதம் உளுந்து மாவு பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். முட்டை உடைத்துக் கலந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

"கையக் குடுத்தேன். அவங்க கையத்தானே பாத்துக்குவாங்க" என்றாள். "மாதா மேல தப்பு கெடையாது."

கோபம் எல்லாம் அவளுக்கு அவள் மேலேயே இருந்தது. இறங்கி நடந்தோம். இப்போது சேர்ந்து நடந்தோம்.

ராயபுரம் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோயில் வாசலில் கடை திறந்திருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகப் பார்த்தாள். நான் நின்றுவிட்டேன். எனக்கு வெட்கம் என்பது பெரிதாகக் கிடையாது. பத்து ஊர் சோறு தின்றவனுக்கு அது தங்காது.

"நைனா, மாரு கீதா?" என்று கேட்டேன். "பொம்பள மாரு. மாதாவுக்குப் போடறதுக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பலகைக்கு அடியில் குனிந்து, மூடி துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். அதற்குள் சின்னச் சின்னதாக, துணியில் சுற்றி, அவ்வளவும் அதுதான்.

"வெளிய மாட்டலையா?" என்றேன்.

"மாட்டினா பசங்க சிரிக்குறானுங்க, சாமியாரும் திட்டறாரு. கேக்கறவங்களுக்கு எடுத்துக் குடுப்பேன்."

"கேக்கறாங்களா?"

"எங்க கேக்கறாங்க? பொம்பளைங்க வந்து நின்னுக்கினே இருப்பாங்க. கண்ணப் பாப்பாங்க, காலப் பாப்பாங்க, ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க. நானே புரிஞ்சிக்கினு பொட்டலம் கட்டிக் குடுத்துடுவேன். சில பேரு புருசன அனுப்புவாங்க. அவன் அதுக்கு மேல முழிப்பான்." அக்காவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "நீ கைய நீட்டினியேம்மா. கைதான் வேணும்னு நெனச்சிட்டேன்" என்றார்.

அக்கா டின்னுக்குள் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ பேரா?" என்றாள்.

"இது இந்தத் திருவிழாவுக்கு வாங்கினதுல மிச்சம்மா."

அவள் அதைத் துணியில் சுற்றி டின்னுக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

"எடுத்துக்கோயேன் யக்கா."

"வேணாம்டா. தகடு வேணாம். நாளைக்கு நெசத்தயே குடுத்துர்றேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சிரிப்பது அப்படித்தான் இருக்கும், மீன் விலையை ஒரேயடியாகக் குறைத்துக் கேட்கிற ஆளைப் பார்த்துச் சிரிப்பது போல. அந்தச் சிரிப்பை நான் மறுபடி அதிகம் கேட்கவில்லை. ஆபரேஷன் ஆனது. கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர் வைத்தார்கள். அடுத்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் பிழைத்தாளா என்று படிக்கிறவர் காத்திருக்க வேண்டாம். அவள் முதலில் கடைக்குப் போன அன்றைக்கு அந்த டின்னை யாராவது மேலே எடுத்து வைத்திருந்தால் என்று பல காலம் நினைத்திருக்கிறேன். உருவத்தால் நோய் தீர்ந்துவிடும் என்பதற்காக இல்லை. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வெளியே வந்திருக்கும். வந்திருந்தால் அது போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

வீட்டு வாசலில் வந்து நின்று, "எடத்துக்கு இன்னா பண்றது?" என்றாள் மறுபடியும்.

"நான் குந்துறேன்."

"நீயா? நீ ஒரு எடத்துல குந்துற ஆளா? பொம்பளைங்க வரிசைடா அது. கிழிச்சித் தொங்க விட்டுருவாளுங்க."

"தொங்க விடட்டும்."

"பாதில எழுந்து போனேன்னு தெரிஞ்சிது, தையல் பிரிஞ்சாலும் பரவால்லன்னு எழுந்து வந்து ஒதைப்பேன்."

"சரி."

"என்னக் கொண்டுபோய் விட வர வேணாம். எதிர் வூட்டம்மா வரும். அந்த வார்டுல ஆம்பளைய விட மாட்டாங்க. நீ கரைக்குப் போ. பெரிய மீன் எடுக்காத, உனுக்கு விக்கத் தெரியாது. சங்கராவும் காரப்பொடியும் எடு. செவுளப் பாத்து எடு."

மறுநாள் விடியும்போது நான் காசிமேட்டுக் கரையில் அவள் கூடையோடு நின்றேன். கட்டுமரங்கள் வந்து மணலில் ஏறிக்கொண்டிருந்தன. ஏலம் விடுகிறவர் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, பொடவ கட்டிக்கினு வரலையா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சங்கராவும் காரப்பொடியும் எடுத்தேன். செவுள் சிவப்பாகத்தான் இருந்தது.

மார்க்கெட்டில் அவள் பலகை சுவரோரம் சாத்தியிருந்தது. எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சின்னது. முழங்கால் இரண்டும் காதுக்கு வந்துவிட்டது.

"யேய், இங்க பாருங்கடி. புது மருமவ வந்து குந்திக்கினு கீறா."

"தலைல பூ வெச்சி வுடுங்கடி."

"இவனா? இவன் மத்தியானம் வரைக்கும் குந்தினா நான் மொட்ட போட்டுக்கறேன். போன தடவ பட்டறைல இருந்து ஓடினான், அதுக்கு முன்னால உப்பளத்துல இருந்து ஓடினான்."

மீனுக்குத் தண்ணீர் தெளித்தேன். பக்கத்தில் அந்தப் பருத்த அம்மாள் அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு வவ்வால் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சிரித்து ஓயும் வரை இருந்துவிட்டு, "கை எப்டி கீது அவளுக்கு?" என்று கேட்டாள்.

"கை இல்லம்மா. மாருல கட்டி. புத்து. ஆஸ்பத்திரில சேந்துட்டா. மார எடுக்கப் போறாங்க."

"ஆம்பள வாய்ல வர்ற வார்த்தையா இது, கருமம்" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அதற்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பருத்த அம்மாள் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள். பாதி மீன் கையில் இருந்தது. அதைப் பலகையில் வைத்தாள். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வலிச்சுதாமா அவளுக்கு?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"இல்ல. வலிக்கவே இல்லியாம். அதான் வுட்டுட்டா."

முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டே, "எந்தப் பக்கம்டா அந்தக் கட்டடம்?" என்றாள்.

"கேட்டுக்குள்ள பூந்ததும் எலும்பு வரிசைல நிக்காத. தாண்டி நேராப் போ. பொம்பளைங்க கட்டடம்னு கேளு. அங்க டாக்டரம்மா ஒண்ணு கீது, திட்டும், ஆனா நல்லாப் பாக்கும். காலைலயே போயிடு."

"சும்மாதான் கேட்டேன்."

"சரிம்மா. நீ போற அன்னிக்கி உன் பலகைல வேணும்னா நான் ஒரு கால் போட்டுக்கறேன். யாரும் இழுக்க மாட்டாங்க."

அவள் பாதியில் வைத்த மீனைத் திரும்ப எடுத்தாள். ஒருவர் கூடைக்கு மேல் குனிந்து, சங்கரா என்ன விலை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவள்தான் எனக்காகச் சொன்னாள்.